ஐப்பசியில் தொடங்கி மாசியில் முடிந்த ஓட்டம்

2019ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள், சனிக்கிழமை மாலை. கோவை நேரு விளையாட்டரங்கில் ஐ-லீக் பருவத்தின் கடைசி ஆட்டம். வென்றால் கோப்பை, சமனில் முடிந்தால் அது கொல்கத்தாவுக்குப் போய்விடக்கூடும். சென்னை சிட்டி அணி களத்தில் நிலைகொள்ளுமுன்பே, மூன்றாம் நிமிடத்தில், மினர்வா பஞ்சாபின் ரோலண்ட் பிலாலா கோல் அடித்துவிட்டார். முதல் பாதி அந்த ஒரு கோலின் நிழலிலேயே கழிந்தது. 56ஆம் நிமிடத்தில் பெத்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். 69ஆம் நிமிடத்தில் கௌரவ் போரா ஒன்று அடித்தார். தொண்ணூறு நிமிடமும் தீர்ந்து கூடுதல் நேரத்துளிகள் எண்ணப்பட்டுக் கொண்டிருந்தபோது மீண்டும் அவரே இன்னொன்று. போரா முன்களத்தவர் அல்லர் என்பதை இங்கே குறித்துக் கொள்வோம். அதே வேளையில் கோழிக்கோட்டில், கோகுலம் கேரளாவிடம் பின்தங்கியிருந்த ஈஸ்ட் பெங்கால் கடைசிக் கட்டத்தில் எழுந்து 2-1 என வென்றது. பயனில்லை. 43 புள்ளிகளுக்கு 42. ஒரு புள்ளியில் கோப்பை கோவையில் நின்றது.

சென்னையின் பெயரைத் தாங்கிய அணிக்குக் கோவை எப்படி ஊரானது என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. 2016-17இல் ஐ-லீகில் நுழைந்த அவ்வணி, அடுத்த பருவத்திலேயே தன் சொந்தக் களத்தைக் கோவைக்கு மாற்றிக் கொண்டது. பெயரை மாற்றவில்லை. கூடைப்பந்துக்கும் கார்ப் பந்தயத்துக்கும் பேர்போன நம் ஊர், பெயரைப் பற்றி அதிகம் கவலைப்படாமல் அவர்களை ஏற்றுக் கொண்டது.

அந்த மாலையைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் கோல்களைப் பற்றி எழுதினார்கள், நியாயந்தான். நம் மனத்தில் தங்கிவிட்டது வேறொன்று. இரண்டு ஊர்களிலும் அன்று ஆட்டங்களின் முடிவைத் தீர்மானித்த கோல்கள் யாவும் பின்பாதியில் வந்தவை. இருபதாவது ஆட்டத்தின் எழுபதாவது நிமிடத்தில், எண்பதாவது நிமிடத்தில், ஒரு மனிதனின் காலில் என்ன மிஞ்சியிருக்கிறது? முதல் ஆட்டத்தன்று அவனிடம் இருந்த உடல்தான் கடைசி ஆட்டத்தன்றும் இருந்ததா? இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போனதில் எழுந்ததே இக்கட்டுரை. இலக்கியம் பேசும் இடத்தில் தொடைத்தசை பற்றிப் பேசுவதை வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

ஆங்கிலத்தார் சொல்லும் ‘சீசன்’ என்பதற்குத் தமிழில் ‘பருவம்’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறோம். தற்செயலாக அமைந்ததாயினும் பொருத்தமான சொல் அது. பயிருக்கும் பருவம், பெண்ணுக்கும் பருவம், மழைக்கும் பருவம். உடலும் பொழுதும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் நாம் இச்சொல்லை வைத்திருக்கிறோம். தமிழ் இலக்கணம் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தது. 2018-19 ஐ-லீகில் சென்னை சிட்டி தன் முதல் ஆட்டத்தை ஆடியது 2018 அக்டோபர் 26. ஐப்பசி மாதம், கூதிர்ப் பருவம். கடைசி ஆட்டம் மாசியில், பின்பனியில். இடையே முன்பனி. ஆக, மூன்று பெரும்பொழுதுகள் ஆட்டத்துக்கு. ஆவணியும் புரட்டாசியும் அடங்கிய கார்ப்பருவம் ஆயத்தத்துக்கு. சித்திரை முதல் ஆடி வரையிலான இரு வேனில்களும்? அவற்றைப் பிறகு பார்ப்போம். நம் வழக்கின் உண்மையான வாதி அங்கேதான் நிற்கிறார்.

ஆட்டக்காரனின் உடலை ஆண்டின் வெவ்வேறு பொழுதுகளில் அளந்து பார்க்கலாம் என்ற எண்ணம் அவ்வளவு பழையதன்று. உடல் தன் உச்ச உழைப்பில் எவ்வளவு ஆக்சிஜனை ஏற்றுப் பயன்படுத்த முடியும் என்பதை அளவுகோலாக ஆக்கியவர், 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்ற ஆங்கிலேய உடலியலாளர் ஏ. வி. ஹில். அவர் அளந்தது ஓட்டக்காரர்களை. காற்பந்துக்கு அது வந்து சேர அரை நூற்றாண்டு பிடித்தது. 1976இல் டாம் ரெய்லியும் வான் தாமஸும் எவர்ட்டன் அணியினர் ஓர் ஆட்டத்தில் எவ்வளவு தொலைவு போகிறார்கள் என்பதைப் பொறுமையாகக் கணக்கெடுத்தார்கள். சராசரி ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வந்தது. இன்றைய ஆட்டக்காரர் பத்து முதல் பதின்மூன்று கிலோமீட்டர் வரை ஓடுகிறார். அவ்விருவரே 1979இல், ஆங்கில லீக் ஆட்டக்காரரின் உடல்தகுதி ஒரு போட்டிப் பருவம் முழுவதிலும் எப்படி இருக்கிறது என்று ஆராய்ந்து தனியே ஓர் ஆய்வேடும் வெளியிட்டார்கள். பின்வந்த ஆய்வுகள் பலவற்றுக்கும் அது வழிகாட்டி.

அதன்பின் டென்மார்க்கில் யென்ஸ் பாங்ஸ்போ வகுத்த யோ-யோ சோதனை வந்தது. இருபது மீட்டர் இடைவெளியில் இரண்டு கூம்புகள். ஒலிப்பதிவு எழுப்பும் கூவலுக்கேற்பப் போய்த் திரும்ப வேண்டும், பத்து நொடி மூச்சு வாங்கிக் கொள்ளலாம், பிறகு மீண்டும், ஒவ்வொரு முறையும் கூவல் சற்று முந்தும். ஆய்வுக்கூடமும் முகமூடியும் வேண்டியதில்லை. இந்தியாவின் சிறு மைதானங்களுக்கும் இது வந்து சேர்ந்ததற்கு அந்த எளிமையே காரணம்.

2003இல் மோர், குருஸ்ட்ரப், பாங்ஸ்போ மூவரும் வெளியிட்ட ஆய்வில் இரண்டு எண்கள் நம்மை நிறுத்தின. ஒரே ஆட்டக்காரர் அடுத்தடுத்த ஆட்டங்களில் மேற்கொள்ளும் கடுவேக ஓட்டத்தில் உள்ள மாறுபாடு 9.2 விழுக்காடு. அதே ஆட்டக்காரர் பருவத்தின் வெவ்வேறு கட்டங்களில் மேற்கொள்ளும் ஓட்டத்திலோ, அது 24.8 விழுக்காடு. அதாவது, இந்த வாரத்து மனிதரும் அடுத்த வாரத்து மனிதரும் ஏறத்தாழ ஒருவரே. கார்த்திகையின் மனிதரும் மாசியின் மனிதரும் அப்படியல்லர். இன்னொன்றும் அவர்கள் சொன்னார்கள்: முதல் பதினைந்து நிமிடங்களோடு ஒப்பிட்டால், கடைசிப் பதினைந்து நிமிடங்களில் கடுவேக ஓட்டம் 35 முதல் 45 விழுக்காடு குறைந்துவிடுகிறது. நேரு அரங்கின் பின்பாதியை இந்த எண்களோடு சேர்த்து நினைத்துப் பார்க்கலாம்.

இனி உடல் செய்வதைப் பார்ப்போம். ஆயத்தக் காலத்தில்தான் ஏற்றம் பெரிது. ஓய்விலிருந்து வந்த உடலில் முதலில் இரத்தத்தின் நீர்மப் பகுதி பெருகும். இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் அளவு கூடும். பிறகு தசைக்குள் ஆக்சிஜனை எரிக்கும் அமைப்புகள் பெருகும். ஆறு முதல் எட்டு வாரம் இந்த உழவு நடக்கிறது. போட்டிகள் தொடங்கியபின் ஏற்றம் மெல்லியது. பெரும்பாலும் பெற்றதைக் காப்பதுதான் வேலை. வாரம் ஓர் ஆட்டம், அதற்கு முன் இளைப்பாறல், பின் மீட்பு என்று நாட்கள் கழிவதால், உடலை வருத்திப் பயிற்றுவிக்க எஞ்சுவது இரண்டு அல்லது மூன்று நாள். தசையில் சேமித்த கிளைக்கோஜன் ஓர் ஆட்டத்தில் பெருமளவு கரைந்துவிடும். முழுதும் நிரம்ப இரண்டு, மூன்று நாள் ஆகும். (அரிசியும் பருப்பும் ஒன்றாக வெந்து நெய்யோடு வரும் நம் கொங்கு வீட்டு அரிசிம்பருப்புச் சோற்றை, ஆட்டம் முடிந்த இரவுக்கு இதைவிடப் பொருத்தமாக யாரும் வகுத்திருக்க முடியாது என்பது நம் தனிக் கருத்து. ஊட்ட வல்லுநர்கள் நெய்யின் அளவைப் பற்றி மாறுபடக்கூடும்.)

மூச்சு தாங்கும்போதும் தசை தளர்வதுண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழக ஆட்டக்காரர்களிடம் கிரேமர் குழுவினர் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், தொடர்ந்து களமிறங்கியோரின் குறுவேகமும் நின்று தாண்டும் உயரமும் பருவ முடிவில் குறைந்திருந்தன. வெளிப்பலகையில் அமர்ந்திருந்தோரும் தேய்விலிருந்து தப்பவில்லை என்பதுதான் அதில் நமக்கு வியப்பளித்தது. ஆடியவன் ஆடித் தேய்கிறான். ஆடாதவனுக்கோ பயிற்சியின் தேய்வு மட்டும் கிடைத்து, ஆட்டம் தரும் கூர்மை கிடைக்காமல் போகிறது. ஓர் அணியின் மாசி மாதத்தைத் தாங்குவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வரிசை மனிதர்களே.

சென்னை சிட்டியின் பருவத்தை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் சில செய்திகள் துலங்குகின்றன. முதல் ஆட்டத்தில் இந்தியன் ஏரோஸ் அணியை 4-1 என வென்றார்கள். மான்சி மூன்று கோல் அடித்தார். பருவ முடிவில் அவர் கணக்கு 21. சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் அதே எண்ணிக்கை. நடுக்களத்தில் ஸ்பெயின் நாட்டவரான நெஸ்டரும் சாண்ட்ரோவும், பின்னே எஸ்லாவா, கோல் வாயிலில் நௌசெத். சுற்றிலும் எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் எனத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். பயிற்றுநர் சிங்கப்பூரின் அக்பர் நவாஸ். பந்தைக் காலில் வைத்திருந்து எதிரணியை ஓடவைப்பதே அவர் முறை. அதை ஓர் அழகியல் விருப்பமாக மட்டும் நாம் காணவில்லை. பந்தை வைத்திருப்பவன் தன் ஓட்டத்தைத் தானே தேர்ந்து கொள்கிறான். பந்தைத் துரத்துபவனுக்கு அந்தத் தேர்வு இல்லை. இருபது ஆட்டங்களில் அது ஒரு சேமிப்பு.

கோவையின் காற்றும் ஒரு பங்காளி. கடல்மட்டத்துக்கு மேல் நானூறு மீட்டருக்குச் சற்றே அதிகமான உயரம், மேற்கே பாலக்காட்டுக் கணவாய். சென்னையின் கடற்கரை ஈரப்பதம் இங்கே இல்லை. வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். ஈரக்காற்றில் அது உலராமல் வழிந்தோடும், நீர் மட்டும் நட்டம். மார்கழி, தை மாதங்களின் கோவை மாலை, ஓடுபவனுக்கு இயற்கை அளித்த சலுகை.

ஆனால் பாதி ஆட்டங்கள் வெளியூரில். பதினோரு அணிகள் இருந்த அந்த லீகின் வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள்: ஸ்ரீநகர், இம்பால், அய்சால், ஷில்லாங், கொல்கத்தா, பஞ்ச்குலா, கோவா, கோழிக்கோடு. கோவையிலிருந்து அய்சாலுக்கு நேர்வழி வானூர்தி கிடையாது. இரண்டு, மூன்று இடங்களில் மாறி, விமான நிலைய நாற்காலிகளில் முழங்காலை மடக்கிக் கிடந்து, மறுநாள் மெல்லிய மலைக்காற்றில் ஓட வேண்டும். ஸ்ரீநகர் ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரம், பனிக்காலம் வேறு. ஐரோப்பிய அணியொன்று ஆண்டுக்கு ஐம்பது, அறுபது ஆட்டங்கள் ஆடித் தேய்கிறது. நம் அணி 134 நாட்களில் இருபதே ஆட்டம், சராசரியாக வாரத்துக்கு ஒன்று. ஆட்டங்களின் எண்ணிக்கையில் சுமை இல்லை. ஆட்டங்களுக்கு இடையேயான நிலப்பரப்பில் இருந்தது.

அட்டவணையையும் முழுக்க நம்ப முடியாது. 2019 பிப்ரவரி 14 புல்வாமா தாக்குதலுக்குப் பின் மினர்வா ஸ்ரீநகர் செல்லவில்லை. ஈஸ்ட் பெங்காலின் காஷ்மீர் ஆட்டம் டெல்லிக்கு மாற்றப்பட்டது. எந்த நாளில் உடல் உச்சத்தில் இருக்க வேண்டும் என்று நாள் குறித்துப் பயிற்றுவிப்பவர்க்கு இவை எளிய சோதனைகள் அல்ல. மார்ச் 1 அன்று கோவாவில் சர்ச்சிலிடம் 3-2 எனத் தோற்றபோது, சென்னை சிட்டி தளர்ந்துவிட்டது என்று பலரும் எழுதினார்கள். எட்டே நாளில் மினர்வாவுக்கு எதிராக அந்தப் பின்பாதி வந்தது.

கோவை இந்தியக் காற்பந்தின் பெரிய நாட்களைக் காண்பது அது முதன்முறையன்று. 1978இல் பெடரேஷன் கோப்பை இங்கே நடந்து, மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் கோப்பையைப் பகிர்ந்து கொண்டன. 1979-80 சந்தோஷ் கோப்பையில் வங்கம் பஞ்சாபை இங்கேதான் வென்றது. 1991-92இல் வி. பி. சத்யன் தலைமையிலான கேரளம் கோவாவை 3-0 என வென்றதும் கோவையில். அவை யாவும் கோப்பைப் போட்டிகள். சில வாரங்களில் முடிந்துவிடுபவை. அந்த உலகத்து ஆட்டக்காரனுக்குத் தேவைப்பட்டது திருவிழாவுக்குத் தேர் இழுக்கும் வலு. மாதக் கணக்கில் நாடு முழுதும் அலைந்து ஆடும் லீக் என்பது 1996-97இல் தேசியக் காற்பந்து லீக் தொடங்கிய பின்னரே நமக்கு அறிமுகம். அதன் வாரிசாக 2007-08இல் ஐ-லீக் வந்தது. உடலை ஒரு பருவம் முழுவதும் காக்க வேண்டும் என்ற கவலையே, ஆக, நம் நாட்டில் முப்பதாண்டுக் கவலைதான்.

அந்தப் பழைய ஏற்பாட்டில் ஒன்று மட்டும் நன்றாக இருந்தது. ஆட்டக்காரன் காவல்துறையிலோ ரயில்வேயிலோ வங்கியிலோ ஊழியன். சத்யனே கேரளக் காவல்துறைக்கும் பின்னர் சென்னையில் இந்தியன் வங்கிக்கும் ஆடியவர். யோ-யோ சோதனையும் உடலில் கட்டும் கருவிகளும் அவர்கள் அறியாதவை. காயம் முழுதும் ஆறுமுன் களமிறங்குவது அன்றாடம். சத்யனின் கால்களே அதற்குச் சாட்சி. ஆனால் பன்னிரண்டு மாதமும் சம்பளம் வந்தது. இன்றைய ஆட்டக்காரனுக்கு இயன்முறை மருத்துவர் உண்டு, பனிநீர்த் தொட்டி உண்டு, முதுகில் சிறு கருவி பொருத்திய உள்சட்டை உண்டு. அவன் ஒப்பந்தமோ பல சமயம் பருவத்தோடு முடிந்துவிடுகிறது.

வேனிலுக்கு வந்துவிட்டோம். 1984இல் எட்வர்ட் காயிலும் குழுவினரும் ஓர் ஆய்வு செய்தார்கள். நன்கு பயின்ற ஏழு சகிப்போட்ட, மிதிவண்டி வீரர்களைப் பயிற்சியை முற்றிலும் நிறுத்தச் சொன்னார்கள். முதல் மூன்று வாரத்துக்குள் உச்ச ஆக்சிஜன் ஏற்பு ஏழு விழுக்காடு சரிந்தது. எட்டு வாரத்தில் பதினாறு விழுக்காடு கீழே போய் அங்கே நின்றது. முதலில் வருவது முதலில் போகிறது: இரத்த நீர்மம் குறைகிறது, இதயத்தின் ஒரு தள்ளு சிறுக்கிறது, தசையின் மாற்றங்கள் பின்னர். வலு சற்று நிதானமாக விடைபெறும். ஐரோப்பாவில் விடுமுறை ஐந்தாறு வாரம். அதற்கும் கையில் ஓட்டத் திட்டம் கொடுத்தே அனுப்புகிறார்கள். நம் அணிக்கு? 2019 ஏப்ரலில் புவனேஸ்வரத்தில் நடந்த சூப்பர் கோப்பையின் அரையிறுதியோடு பருவம் முடிந்தது. அடுத்த ஐ-லீக் தொடங்கியது நவம்பர் 30. இடையில் சில கோப்பை ஆட்டங்களைக் கழித்தாலும், ஏழு மாத வேனில்.

அந்த மாதங்களில் ஒரு தமிழ்நாட்டு ஆட்டக்காரன் தன் உடலை எதைக் கொண்டு காப்பான்? கணவாய்க்கு அப்பால் வயல்களிலும் பள்ளி மைதானங்களிலும் விளக்கொளியில் நடக்கும் செவன்ஸ் ஆட்டங்கள் சிலருக்கு வருவாய். ஆளுக்கு எழுவர், சிறு களம், கடினத் தரை, கணுக்காலுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நவம்பருக்காகத் தன்னைச் சேமிப்பதா, வைகாசி வாடகைக்காகச் செலவழிப்பதா என்ற கேள்விக்கு உடலியல் ஏடுகளில் விடை இல்லை. நிலத்தைத் தரிசு போடுவது நமக்குத் தெரிந்த கலைதான். ஆனால் தரிசு போட்ட ஆண்டிலும் களஞ்சியத்தில் தானியம் இருந்தவர்களே அதைச் செய்ய முடிந்தது என்பதையும் கொங்கு விவசாயி அறிவார்.

மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெற்றியின் ஆட்டக்காரர்கள் கலைந்தார்கள். எட்வின் சென்னையின் எஃப்சி அணிக்குப் போனார், நெஸ்டர் ஹைதராபாத்துக்கு, 2020 தொடக்கத்தில் மான்சி ஜப்பானுக்கு. கோப்பையை வென்ற தகுதியால் கிடைத்த ஆசியச் சாம்பியன்ஸ் லீகின் முதற்கட்ட ஆட்டம் 2020 ஜனவரியில் அகமதாபாதில் நடந்தது. பஹ்ரைனின் ரிஃபாவிடம் 1-0 எனத் தோற்றார்கள். மார்ச்சில் பெருந்தொற்று வந்து லீகை இடையிலேயே நிறுத்தியது. உலகமே அப்போது காயிலின் ஆய்வுக்கூடம் ஆயிற்று. வீட்டுக் கூடத்தில் குந்தி எழுந்த ஆட்டக்காரர்களின் உடலை நம்பத் துணியாமல், அவ்வாண்டு மே மாதத்தில் காற்பந்து விதியையே தற்காலிகமாக மாற்றி, மூவருக்குப் பதில் ஐவரை மாற்றிக் கொள்ள இசைந்தார்கள். 2022இல் அது நிரந்தர விதியாயிற்று.

2021 ஜனவரியில் ஐ-லீக் கொல்கத்தாவில், வெளியுலகத் தொடர்பற்ற குமிழிக்குள் மீண்டும் தொடங்கியது. நேரு அரங்கு இல்லை, கணவாய்க் காற்று இல்லை. பெரும்பாலும் இளைஞர்களைக் கொண்டு போன சென்னை சிட்டி தன் முதல் ஆட்டத்தில் கோகுலம் கேரளாவை 2-1 என வென்றது. பருவத்தின் முதல் வாரத்தில் இளங்கால்கள் செய்யக்கூடியதை அவர்கள் செய்தார்கள். மார்ச் 27 அன்று கோப்பையை ஏந்தியது அதே கோகுலம். சென்னை சிட்டி பட்டியலின் அடிப்பகுதியில் கிடந்தது. அடுத்த பருவத்து அணிகளின் வரிசையில் அப்பெயர் இல்லை.

நேரு அரங்கின் ஓடுபாதையில் விடியற்காலையில் நடப்பவர்களில், மார்ச் 9 அன்று அங்கே அமர்ந்திருந்தவர்கள் உண்டு. வடக்குப் பக்கக் கோல் கம்பத்தைக் கடக்கும்போது யாராவது ஒருவர் போராவின் இரண்டாவது கோலைப் பற்றிப் பேச்செடுக்கிறார். அது இடக்காலா வலக்காலா என்பதில் இன்னும் தீர்ப்பாகவில்லை.